எதிர் வீட்டு மீட்டர்

…அதைத்தான் நானும் கேக்கறேன் சார், ரெண்டு கையெழுத்து எதுக்கு? என் கையெழுத்து வேணும்னா இப்பவே போடறேன். மூணு இடத்துல போடறேன், அழுத்திப் போடறேன். அந்த வீட்டுக் கையெழுத்துக்கு நான் எங்க போவேன்? அந்த வீடு எங்க இருக்குன்னு கேக்காதீங்க. இதோ, கதவைத் திறந்தா நேர் எதிர்ல. ஏழு அடி. டேப் வச்சு அளந்திருக்கேன். ஏழு அடி தாண்டிப் போய் ஒரு கையெழுத்து வாங்க முடியல, அதனாலதான் உங்களைப் படியிலேயே மறிச்சு உள்ள கூப்பிட்டேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

என்னது? இல்ல சார், வீட்ல யாரும் இல்ல. எங்க வீட்டம்மா இருக்கா… இருக்கான்னா, எதிர் வீட்ல இருக்கா. இன்னியோட பன்னெண்டு நாள். நீங்க கையெழுத்து வாங்கப் போற அதே வீட்லதான். அந்த ஃபாரத்துல எதிர் வீட்டுத் தையல்காரர் கையெழுத்து விழுந்தா அவளும் வந்துடுவா. விழலைன்னா… ஃபாரம் உங்க கையில இருக்கு. நான் அவ்வளவுதான் சொல்வேன்.

அஞ்சு நிமிஷம். நான் அஞ்சு நிமிஷம்னு சொன்னா அது அஞ்சு நிமிஷம்தான். பஸ் டிப்போவில முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பரா இருந்தேன். வண்டி ஒரு நிமிஷம் லேட்டாக் கிளம்பினா ஒண்ணுன்னு எழுதுவேன். டிரைவர் என் மச்சானா இருந்தாலும் ஒண்ணுதான். ஒரு தடவை மச்சானே வந்தான், எழுதினேன், அவன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரல. அது போகட்டும்.

மீட்டர் மாறிப் போச்சுன்னு உங்க கரண்ட் ஆபீஸ்ல ஒரு வரியில எழுதிட்டாங்க. ஒம்போது வருஷம் சார். எங்க வீட்டுக் கரண்டுக்கு அவங்க பில்லு கட்டியிருக்காங்க, அவங்க வீட்டுக் கரண்டுக்கு நான் கட்டியிருக்கேன். உங்களுக்கு அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்ள நான் பட்ட பாடு…

தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

அவர் தையல்காரர். வீட்லயே தைக்கிறார். முன் ரூம்ல மோட்டார் வச்ச மெஷின், பக்கத்துல பெரிய இஸ்திரிப் பெட்டி, தலைக்கு மேல ரெண்டு ட்யூப் லைட்டு. அவர் சம்சாரம், அந்தம்மா, பட்டன் கட்டும். அவங்க ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர். ஒரே மாதிரி வீடு, ஒரே வாரத்துல குடி வந்தோம். எங்ககிட்ட மோட்டார் கிடையாது. வாரத்துக்கு ரெண்டு சட்டை தேப்போம். ராத்திரி ஒம்போதே காலுக்கு விளக்கை அணைச்சுடுவோம். இப்ப நீங்களே சொல்லுங்க, யாருக்கு பில்லு கூட வரணும்?

முதல் ஏழு வருஷம் யாரும் யாரையும் கேக்கல. ரேட்டு ஏறுச்சு பாருங்க, அப்பதான் எங்க வீட்டம்மாவும் அந்தம்மாவும் வாசல்ல நின்னு பில்லைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. அவங்களுக்கு நூத்தி அறுபத்தெட்டு யூனிட். எங்களுக்கு இருநூத்திப் பன்னெண்டு.

நான் அன்னிக்குச் சாப்பிடல சார். சாப்பிட்டேன், ஆனா சாப்பிட்ட மாதிரி இல்ல.

எங்க வீட்டம்மா என்ன சொல்றா, அவங்க சிக்கனமா இருக்காங்களாம். சிக்கனம்! முப்பத்தோரு வருஷத்துல ஒரு பேனா மூடி தொலைச்சதில்ல நான். என்கிட்ட சிக்கனம். சரின்னு கூச்சத்தை விட்டு நானே போய் அவரைக் கேட்டேன், எப்படிங்க இவ்வளவு கம்மியா வருதுன்னு. அவர் வாயில இருந்த ஊசியை எடுத்துட்டு, என்னைக் கூட்டிட்டுப் போய் பாத்ரூம் பல்பைக் காட்டினார். இந்த ஒரு பல்பை மாத்தினேன், அதுலேருந்து இறங்கிடுச்சுங்கறார். பாத்ரூம் பல்பு. அவருக்கு அதுல பெருமை வேற. யார் வந்தாலும் அந்த பல்பைக் காட்டுவார். அளவு குடுக்க வந்தவங்களை எல்லாம் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்.

நானும் அதே பல்பு வாங்கினேன். ஒண்ணு இல்ல, ஆறு. அடுத்த பில்லு எங்களுக்கு இருநூத்திப் பத்தொம்போது. அவங்களுக்கு நூத்தி ஐம்பது. இப்பத் தெரியுது, என் ஆறு பல்பும் அவருக்கு வேலை செஞ்சிருக்கு. அப்பத் தெரியலையே.

அதுக்கு அப்புறம்தான் நோட்டுப் போட்டேன். இதோ, இதான் நோட்டு. நீங்க வாங்கிப் பாக்கலாம். பாக்கலைன்னாலும் பரவால்ல, நான் படிக்கிறேன். ஃப்ரிட்ஜை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நிறுத்தினேன். டிவியை நிறுத்தினேன். ஃபேன் ஒரு ரூமுக்குத்தான், ரெண்டு பேரும் அந்த ரூம்லதான் இருக்கணும். அவ சமையல் ரூமுக்குப் போனா ஃபேன் நிக்கும், வந்தா ஓடும். குளிக்க ஹீட்டர் கிடையாது, கேஸ்ல வச்சு ஆளுக்கு நாலு மக்கு வெந்நீர். நான் மூணுலேயே முடிச்சுடுவேன், ஒண்ணு அவளுக்கு விட்டுக் குடுப்பேன். அதை அவ என்னிக்கும் ஒரு பெருந்தன்மையா எடுத்துக்கிட்டதில்ல.

கேஸையும் விடல சார். கேஸா கரண்டான்னு ஒப்பிட்டுப் பாக்கணும் இல்ல? ஒரு லிட்டர் தண்ணி. கரண்ட் கெட்டில்ல நாலு நிமிஷம் பத்து செகண்ட். கேஸ்ல மூடி போட்டா ஆறு நிமிஷம் முப்பத்தஞ்சு, மூடி இல்லாட்டி எட்டு இருபது. மூடிங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கேஸ் மீட்டர் எங்க சமையல் ரூம்லயே, பாத்திரம் கழுவற இடத்துக்குக் கீழ இருக்கு. அது எங்க மீட்டர். இந்த வீட்ல பொய் சொல்லாத ஒரே மீட்டர் அது. கரண்ட் மீட்டர்தான் கீழ, படிக்கட்டுக்கு அடியில. முப்பத்தாறு படி.

நான் கீழ நிக்கணும், இவ மேல சுவிட்சைப் போடணும். எப்படிச் சொல்றது? டிப்போ விசில் வச்சிருந்தேன். ஒரு விசில்னா கெட்டிலைப் போடு, ரெண்டு விசில்னா அணை. நல்ல ஏற்பாடு. மொத நாள் நான் ஒண்ணு அடிச்சேன், அவ போட்டா. நாலு நிமிஷம் கழிச்சு ரெண்டு அடிச்சேன். அவ போய் குக்கரை அணைச்சுட்டா. கெட்டில் பாட்டுக்குக் கொதிச்சுக்கிட்டு இருக்கு. அன்னிக்கு அரிசி வேகல. இத்தனை வருஷமா விசில்னா குக்கர்தானேங்கறா. அவ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, நான் அப்ப ஒத்துக்கல.

சிரிக்காதீங்க, இனிமேதான் இருக்கு.

நான் எப்ப சோதனை பண்ணுவேன், மத்தியானம் ஒரு மணிக்கு. அப்பதான் படிக்கட்டுல ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு மணிக்குக் கெட்டிலைப் போட்டா மீட்டர் அசையல. ஹீட்டரைப் போட்டாலும் அசையல. ஃப்ரிட்ஜ், ஃபேன், எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன், சும்மா தூங்குது. காலையில பத்து மணிக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டுப் போய் பாத்தா, மீட்டர் மேல இருக்கற சிவப்பு விளக்கு துடிதுடின்னு துடிக்குது. இதுக்கு என்ன அர்த்தம்? நான் படிச்சது எட்டாவது. எட்டாவது படிச்சவன் எழுதக்கூடிய முடிவை எழுதி வச்சேன். இதோ பாருங்க, இந்தப் பக்கத்துல: 'மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் செலவு இல்லை.'

தையல்காரர் சாப்பிட்டுட்டு ஒரு மணியிலேருந்து ரெண்டரை வரைக்கும் தூங்குவார். அது எனக்கு எப்படித் தோணும்?

ஆகவே ஒரு மணிக்கு எல்லா வேலையும் வச்சோம். துணி துவைக்கிறது ஒரு மணிக்கு. ஒரு நாளைக்கு வேணுங்கற டீ முழுக்க ஒரு மணிக்குப் போட்டு ஃப்ளாஸ்க்ல ஊத்திடறது. மறுநாள் காலையில ஆறு மணிக்கு அந்த டீயைக் குடிக்கணும். குடிச்சோம் சார். நான் நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சேன். அவ ஒண்ணும் சொல்லாம குடிச்சா. அவ ஒண்ணும் சொல்லலைன்னா நான் அதைச் சம்மதம்னுதான் எழுதுவேன்.

பில்லு வந்துது. எங்களுக்கு இருநூத்தி முப்பத்தொண்ணு. அவங்களுக்கு எழுபத்தி நாலு.

எழுபத்தி நாலு! அந்தம்மா பில்லை எடுத்துட்டு வந்து காட்டுது, இது எப்படிம்மா இவ்வளவு இறங்குதுன்னு எங்க வீட்டம்மாவையே கேக்குது. தையல்காரர் உள்ளேருந்து 'பல்பு, பல்பு'ங்கறார்.

நான் ராத்திரி பகலா இருட்டுல உக்காந்து மிச்சம் பிடிக்கிறேன், அவர் பில்லு இறங்குது. அந்த வருஷம் அவருக்கு நிறைய வேலை, ஒரு பள்ளிக்கூடத்துக்கு முழுக்க யூனிஃபார்ம் தைச்சார், அதனால என் பில்லு ஏறுது. இதுல இன்னொண்ணு கேளுங்க. இஸ்திரிப் பெட்டியை நான் தூக்கி மேல வச்சுட்டேன். அடி தட்டையா இருக்கற ஒரு சொம்புல கொதிக்கிற தண்ணி ஊத்தி சட்டையைத் தேச்சேன். நல்லாத்தான் வந்துது, பாக்கெட் மேல மட்டும் ஒரு வட்டம் விழுந்துது. படியில என்னைப் பாத்தவர், என்ன இது வட்டம்னு கேட்டு, சட்டையைக் கழட்டச் சொல்லி வாங்கிட்டுப் போய் மடிப்பு எடுத்துத் தேச்சுக் குடுத்தார். காசு வாங்கல. என் கரண்ட்ல என் சட்டை. நான் ரெண்டு தடவை நன்றி சொன்னேன்.

நல்ல மனுஷர்தான் சார். நான் இல்லைன்னு சொல்லல. எனக்கு ஜுரம் வந்தப்ப டாக்டரைக் கூட்டிட்டு வந்தது அவர். எங்க வீட்டம்மாவுக்குக் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி யாரும் இல்ல, அந்தம்மாவைத்தான் அக்கா அக்கான்னு சொல்லுவா. அப்படிக் கூப்பிடாம ஒருநாள்கூட அவளால இருக்க முடியாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்த லெட்டரை எழுதினேன், அதுதான் என் தலையெழுத்து.

ஏன் எழுதினேன்? ஒருநாள் காலையில பத்தே காலுக்கு எங்க வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கினேன். வீட்ல ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது. கீழ இறங்கிப் போய் பாத்தேன். மீட்டர் ஓடுது. பத்து நிமிஷம் நின்னேன், கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு. ஓடிக்கிட்டே இருக்கு. மெயினை இறக்கின வீட்டு மீட்டர் எப்படி ஓடும்? யாரோ எடுக்கறாங்க. யார் எடுப்பாங்க? நம்ம சுவத்தை ஒட்டி இருக்கறவங்கதான் எடுக்க முடியும். யாருக்கு பில்லு இறங்கிக்கிட்டே வருது? நானா எதையும் கற்பனை பண்ணல சார், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதினேன், கடைசியில கூட்டினா அவர் வந்தார்.

அவர்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்தான். கேட்டா மூஞ்சியைப் பாக்கணுமே. லெட்டர்னா யார் மூஞ்சியையும் பாக்க வேணாம். உங்க ஆபீஸுக்கு எழுதினேன், 'எதிர் வீட்டில் கரண்ட் திருட்டு நடக்கிறது'ன்னு. நல்ல கையெழுத்துல எழுதினேன்.

அதுக்கு இப்படி ரெண்டு பேர் வந்து நிப்பாங்கன்னு நான் நினைக்கல. ஏதோ ஒரு பதில் போடுவாங்க, ஃபைல்ல வைப்பாங்கன்னு இருந்தேன். வந்தாங்க சார், பதினோரு மணிக்கு. தையல்காரர் வீட்ல அளவு குடுக்க மூணு பேர் உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாலயே திருட்டுப் புகார் வந்திருக்குன்னு சத்தமாச் சொன்னாங்க. மெஷினை நகத்தச் சொன்னாங்க. தைச்சு வச்ச துணி அடுக்கை எல்லாம் இறக்கச் சொன்னாங்க. கட்டிலைத் தூக்கிப் பாத்தாங்க. அந்தம்மா சுவரோரமா நின்னுது, கையில பட்டன் டப்பா. எங்க வீட்டம்மா ஓடிப் போய் அதைப் பிடிச்சுக்கிட்டு, எந்தப் பாவி எழுதினான்னு கேக்கறா. நான் நம்ம வாசல்லயே நின்னேன். உள்ளயும் போகல, வெளியவும் போகல.

அதுல ஒருத்தர் லெட்டரை நீட்டிட்டார். என் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து மளிகைச் சீட்டு நான்தான் எழுதறேன்.

ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் கீழ போய், சோதிச்சுப் பாக்கலாம்னு எங்க மீட்டர் ஃபியூஸைப் பிடுங்கினாங்க. இங்க எங்க ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு. அங்க தையல்காரர் வீட்டு ட்யூப் லைட்டு ரெண்டும் அணைஞ்சு போச்சு. அவ்வளவுதான். ஒம்போது வருஷம் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு.

அவங்க போனப்புறம் இவ இந்த இடத்துல வந்து நின்னா. இந்த நாற்காலிக்குப் பக்கத்துல. கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"இருட்டுல உக்காருன்னீங்க, உக்காந்தேன். நேத்துப் போட்ட டீயைக் குடின்னீங்க, குடிச்சேன். நான் அக்கான்னு கூப்பிடற வீட்டைத் திருட்டு வீடுன்னு எழுதிட்டீங்களே. வாசல்ல போய் நின்னு, தப்பு என்னுதுன்னு உங்க வாயால சொல்லுங்க. அன்னிக்கு நான் இந்த வீட்டுக்கு வரேன்."

போனவதான். ஒரு மாத்துப் புடவைகூட எடுத்துக்கல, அப்புறம்தான் வந்து எடுத்தா. சண்டைன்னா சாப்பாடு போடாம விடறவ இல்ல அவ. காலையில நான் ஒம்போது பத்துக்கு நடக்கப் போய் ஒம்போது ஐம்பதுக்கு வருவேன். அந்த நாப்பது நிமிஷத்துல வந்து சமைச்சு மூடி வச்சுட்டுப் போயிடறா. பாத்திரத்தைத் தொட்டா சுடும். அவ போய் மூணு நிமிஷம்கூட ஆகியிருக்காதுன்னு தெரியும். ஒருநாள் நான் அஞ்சு நிமிஷம் முன்னால வந்தேன். அவ அஞ்சு நிமிஷம் முன்னாலயே போயிட்டா.

அன்னிக்குப் போகும்போதே இந்த ஹால் லைட்டைப் போட்டுட்டுப் போனா. பகல்ல. வேணும்னேதான். பாருங்க, எரியுது. பன்னெண்டு நாளா எரியுது. நான் அணைக்கல.

சாயங்காலம் அங்க டிவி சத்தம் கேக்கும். மூணு பேரும் பாக்கறாங்க. ஃபேன் ஃபுல்லா ஓடும். எல்லாம் என் பில்லுலதான். ஒம்போது வருஷத்துல முதல் தடவையா எங்க வீட்டம்மா என் கரண்ட்ல டிவி பாக்கறா. இதுக்கு நான் அவ இருக்கும்போதே போட்டு விட்டிருக்கலாம்.

சரி சார், உங்களுக்கு நேரம் ஆகுது, தெரியுது. கடிகாரத்தைப் பாக்காதீங்க, பதினேழு நிமிஷம் ஆச்சு, நானே சொல்றேன். ஃபாரத்துக்கு வரேன். அந்த நாலாவது கட்டம். 'தவறு நேர்ந்த காரணம்.' அதைக் காலியா விட முடியாதா? முடியாது. சரி, எழுதுங்க, நான் சொல்றேன். 'எதிர் வீட்டுக்காரர் செய்த தவறால் இது நேர்ந்தது.' எழுதிட்டீங்களா? பேனாவுலதானே? நல்லது.

ஆமா சார், அதுதான் நடந்தது. குடி வந்தப்ப உங்க ஆபீஸ்ல போய் அவங்கவங்க மீட்டர் நம்பரைக் குடுக்கச் சொன்னாங்க. அவர் மொத நாளே போய் நம்பரை மாத்திக் குடுத்துட்டார். என் மீட்டர் நம்பரை அவர் மீட்டர்னு குடுத்துட்டார். அப்ப தப்பு யாருது? அவருதுதானே?

எப்படி மாத்திக் குடுத்தாரா?

…அது எதுக்கு உங்களுக்கு, கட்டம் நிறைஞ்சுடுச்சே.

இல்ல, கேட்டுட்டீங்க. பன்னெண்டு நாளா இதை யாராவது கேட்டுடுவாங்கன்னு இருந்தேன், யாரும் கேக்கல. எனக்கு அதுவே ஒரு பாரமா இருந்துது. சொல்றேன். ஃபாரத்துல எழுதாதீங்க.

அப்ப இது புதுக் கட்டடம். கதவுல நம்பர் பலகை இன்னும் மாட்டல, ஒரு மாசம் கழிச்சுத்தான் மாட்டினாங்க. கீழ மீட்டர் எதுலயும் ஒண்ணும் எழுதியிருக்காது. எந்த மீட்டர் எந்த வீட்டுதுன்னு யாருக்கும் தெரியல. நான் ஒருத்தன்தான் ஃபியூஸை ஒவ்வொண்ணாப் பிடுங்கி, முப்பத்தாறு படி ஏறி ஏறி இறங்கி, சரியாக் கண்டுபிடிச்சேன். சரியாத்தான் கண்டுபிடிச்சேன் சார், அதுல ஒரு குறை சொல்ல முடியாது. கண்டுபிடிச்சு ரெண்டு மீட்டர் மேலயும் சாக்பீஸால எழுதினேன். எங்க மீட்டர்ல 'நம்ம வீடு'ன்னு எழுதினேன். அவங்க மீட்டர்ல 'எதிர் வீடு'ன்னு எழுதினேன்.

அன்னிக்குச் சாயங்காலம் தையல்காரர் படியில பாத்து, எங்க மீட்டர் எதுங்கன்னு கேட்டார். நான் என்ன சொன்னேன்? எல்லாம் எழுதி வச்சிருக்கேன், பாத்துக்கோங்கன்னேன். ஒரு விரலை நீட்டிக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். காட்டல. எழுதி வச்சதுக்கு அப்புறம் வாயால எதுக்குச் சொல்லணும்னு எனக்கு.

அவர் போய் பாத்தார். 'நம்ம வீடு'ன்னு இருந்துது. நம்ம வீட்டு நம்பரை எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டார். அவர் மேல என்ன தப்பு? 'நம்ம வீடு'ன்னு யாரு படிச்சாலும் அது படிக்கிறவங்க வீடுதானே? எழுதினவன் வீடுன்னு யாருக்குத் தோணும்?

இருங்க, இன்னும் முடியல. இதை எங்க வீட்டம்மாகிட்டகூட சொன்னதில்ல. ரெண்டு நாள் கழிச்சு நான் என் நம்பரைக் குடுக்கப் போனேன். ஆபீஸ்ல இருந்தவர், இது ஏற்கெனவே எதிர் வீட்டுக்காரர் பேர்ல பதிவாயிடுச்சு, உங்களுது இன்னொண்ணா இருக்கும், போய் பாருங்கன்னார். நான் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப் பாத்திருக்கணும். அன்னிக்கு மேல மெஷின் சத்தம் கேட்டுது, அவசரமா எதையோ தைச்சுக்கிட்டு இருந்தார். இன்னொரு தடவை பிடுங்கினா, முதல் தடவை நான் சரியாப் பாக்கலையோன்னு நினைப்பாங்க. டைம் கீப்பர் தப்பாப் பாத்தான்னு ஒரு பேச்சு வரும். அதனால… ஈரத்துணி எடுத்துட்டுப் போய் ரெண்டையும் அழிச்சேன். அழிச்சுட்டு மாத்தி எழுதினேன். சரியா இருந்ததை நான்தான் அழிச்சேன்.

அப்புறம் பெயிண்ட் அடிச்சாங்க, எல்லாம் போச்சு. ஆபீஸ்ல சொன்னதுதான் சரின்னு நானும் நம்பிட்டேன். அன்னிக்கு வந்த உங்க ஆளுங்க, இங்க யாரு எதையாவது எழுதி வச்சீங்களான்னு கேட்டாங்க. ஞாபகம் இல்லைன்னேன். எனக்கு எதுதான் ஞாபகம் இல்ல? பேனாவோட நிறம்கூட ஞாபகம் இருக்கும் எனக்கு.

அவ்வளவுதான். இப்ப சொல்லுங்க, அந்தக் கட்டத்துல வேற எழுதணும் இல்ல? அடிச்சுட்டு எழுதுங்க, பக்கத்துல நான் சின்னதாக் கையெழுத்துப் போடறேன்.

என்னது… அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதா? வேற ஃபாரம் இல்லையா? எத்தனை நாளாகும்? இருபது நாளா. இன்னும் இருபது நாள் நான் மூடி வச்ச சோத்தைத் திங்கணுமா சார்? இதைக் கொண்டு போய் அவர்கிட்ட நீட்டவும் முடியாது. எதிர் வீட்டுக்காரர் செய்த தவறால்னு போட்டிருக்கு. வீட்டைக் கலைச்சுப் பாத்தது போதாதுன்னு இது வேறயான்னு கேப்பார். கேக்க மாட்டார், கதவைச் சாத்துவார்.

குடுங்க, ஒரு தடவை படிக்கிறேன். கண்ணாடி… இருக்கு.

'எதிர் வீட்டுக்காரர் செய்த தவறால் இது நேர்ந்தது.'

…சார்.

அடிக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். நீங்க என்ன பண்றீங்க, இதைக் கொண்டு போய் அவங்க வாசல்ல நின்னு படிச்சுக் காட்டுங்க. இங்கேருந்து படிக்காதீங்க, அவங்க மிதியடி மேல ஏறி நின்னு படிங்க. அங்கேருந்து பாத்தா எதிர் வீடு எது?

அதேதான்.

யாருன்னு அவர் கேட்டா கையை இந்தப் பக்கம் காட்டுங்க. நான் கதவைத் திறந்து வச்சுட்டு இங்கேயே நிக்கறேன், தெரியற மாதிரி. லைட்டும் எரியுது, நல்லாத் தெரியும். சாக்பீஸ் விஷயத்தைக் கேட்டா… நான் தலையை ஆட்டறேன். சொல்லச் சொன்னா சொல்றேன். ஏழு அடிதானே, கேக்கும்.

கொஞ்சம் சத்தமாப் படிங்க. எங்க வீட்டம்மா உள் ரூம்ல இருப்பா, அவளுக்கும் கேக்கணும். கதவைத் தட்டாதீங்க, மெஷின் ஓடுது, காதுல விழாது. பெல்லை அடிங்க. யோசிக்காதீங்க சார், ரெண்டு தடவைகூட அடிங்க, நல்லா அழுத்தி அடிங்க. அவர் கையெழுத்துப் போடற வரைக்கும் அது என் பில்லுதான்.